கடைசி அறையின் சுவர்

பத்தாவதோடு நின்ற நான் எழுத வந்தது தப்பென்றால் மன்னியுங்கள். செஞ்சியில் நான் வேலை பார்க்கும் சிறிய ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகள் எங்களை அழைக்கும் பெல்லுக்கு எத்தனை வைஃபை பெட்டி வேண்டும் என்று பார்க்க ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். ஒவ்வொரு சுவரையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்ட பிறகுதான் போனில் சிக்னலைப் பார்த்தார்.

"உங்க முதலாளி நாலு போதும்ன்றாரு. ஏழு வேணும்க்கா. கடைசி ரூம் கருங்கல்லு, சிக்னல் போவாது."

"நாலே போட்டா இன்னா ஆவும்?"

"அங்க படுத்திருக்கறவங்க பெல் அடிச்சிக்கினே இருப்பாங்க. உங்களுக்குக் கேக்காது. நான் சொன்னா பொட்டி விக்க வந்தவன்றாரு. நீங்களாச்சும் சொல்லுங்க."

தலையாட்டினேன். முதலாளி முன்னால் எனக்கு வாய் வராது என்பது அவருக்குத் தெரியாது. போகும்போதும் அந்தச் சுவரை ஒருமுறை தட்டினார்.

மறுநாள் நான்கு பெட்டிகள் மாட்டினார்கள். வல்லத்திலிருந்து வந்த ஒரு அம்மாவைக் கடைசி அறையில் நான்தான் படுக்க வைத்தேன்.