தாங்கும் என்று சொன்னவன்

ஆவணியில் பூநகரிக் களப்பு வற்றிவிடும். மேலே உப்புப் பூத்து வெள்ளைப் பொருக்காக இறுகிக் கிடக்கும். அந்தப் பொருக்கு எங்கே வண்டிலைத் தாங்கும், எங்கே அடியில் சேறு இருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்துக் காணிக்காரன் தடியால் குத்திப் பார்த்துச் சொல்லிவிடுவான். சிறுவயதிலிருந்தே என் கூட்டாளி. அவனைக் கேட்காமல் நான் களப்பில் இறங்கியதே இல்லை.

ஒரு வருடம் ஆவணியில் எதிர்பாராத மழை பெய்தது. நாலு நாள் கழித்து, ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவியை நான் தாய்வீட்டில் விடவேண்டியிருந்தது. றோட்டால் போனால் நாள் முழுக்கக் குலுக்கம். களப்பைக் குறுக்கே கடந்தால் மதியத்துக்கு முன் போய்ச் சேரலாம்.

“தாங்குமோடா?” என்று கேட்டேன்.

“ஓம், பாத்தனான். பயப்பிடாமல் போ. நெல்லு ஏத்திக்கொண்டு நானும் பின்னாலை வாறன்.”

நடுக்களப்பில், காய்ந்த ஓலை முறிவதுபோல் காலடியில் ஒரு சத்தம் கேட்டது. இடப்பக்க மாடு வயிறுவரை புதைந்தது. வண்டில் சரிந்தது. நான் வண்டிலில் கிடந்த பாயை இழுத்துப் பின்பக்கப் பொருக்கின்மேல் விரித்தேன்.

“எழும்பாதேயும். தவண்டு போம், வண்டில் வந்த சில்லுத்தடத்திலையே போம்!”

அவள் வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி தவழ்ந்தாள். நான் கரையைப் பார்த்தேன். நெல் மூட்டைகள் ஏற்றிய வண்டிலோடு அவன் அங்கே நின்றான்.

“கயிறு கொண்டுவாடா!”

கேட்டிருக்கும். அவன் மாடுகளைத் திருப்பி, றோட்டுப் பக்கம் வண்டிலை ஓட்டிக்கொண்டு போனான்.

வற்றாத ஓடைப்பக்கம் மீன்பிடிக்க வந்த இரண்டு பேர் பலகையும் கயிறும் கொண்டு ஓடிவந்தார்கள். அவளைக் கரைசேர்த்து, ஒரு மாட்டை மீட்டோம். மற்றது சேற்றிலேயே செத்தது.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன்.

“உனக்குத் தெரியுமோ?”

அவன் நிலத்தைப் பார்த்தான். “முந்தநாள் என்ர பசு சேத்துக்கை தாண்டது. கரையோரத்திலைதான். நடுவிலை தாங்குமெண்டு நினைச்சன்.”

“அப்ப நீ ஏன் முதல் போகேல்லை?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் வண்டில் கடந்தால் தன் வண்டிலும் கடக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். என்னையும் என் மனைவியையும் முன்னால் போகவிட்டு நிலத்தைச் சோதித்திருக்கிறான்.

மூன்றாம் நாள் தன் மாடு ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வேலியில் கட்டினான். நான் அவிழ்த்து, அவன் வளவில் விட்டுவிட்டு வந்தேன். மகள் பிறந்தபோது அவன் மனைவி வந்து பார்த்தாள். அவன் படலைக்கு வெளியே நின்றான். “உள்ளுக்கு வரச் சொல்லுங்கோவன்” என்றாள் என் மனைவி. நான் சொல்லவில்லை.