ஏட்டையா வீட்டு எஞ்சினும் எட்டு வால்வும்

கார் மெக்கானிக் தொழிலில் கஷ்டமான வேலை எது என்று கேட்டால், எஞ்சினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுவது என்று பலரும் சொல்வார்கள். வண்டிக்காரர் வீட்டு வாசலில், அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, அதைக் கழற்றுவதுதான் என்று நான் சொல்வேன். பட்டறையில் வண்டியும் நானும் மட்டும். வீட்டிலோ வருகிறவர் போகிறவர் எல்லாரும் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்து ஒரு யோசனை சொல்லாமல் நகர மாட்டார்கள். குழாய் வேலை, கரண்டு வேலை என்று வீடு வீடாகப் போகிறவர்களே, இந்தப் பாடு உங்களுக்குத் தெரியாததா!

தென்காசி சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வாசல்களில் நான் எஞ்சின் பிரித்திருக்கிறேன். ஆனால் போன சாரல் சீசனில் மேலகரத்தில் பிரித்த அந்த ஒன்றை மறக்க முடியவில்லை.

கண் முன்னால்தான் பிரிக்கணும்

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. ஊரே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை மனைவி பார்வதியக்காவோடு பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில் அவருடைய பழைய பெட்ரோல் கார் சூடேறிப் புகை கக்கி நின்றுவிட்டது. கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்து, திங்கட்கிழமை காலை எனக்குப் போன் போட்டார். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில், பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். பட்டறைக்குக் கொண்டுபோகலாம் என்றேன். தன் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகுதான் அவசரம் என்னவென்று சொன்னார். ஒரே மகள் சுபாவைச் செங்கோட்டையில் கொடுத்திருக்கிறது. ஏழு மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடித்து, பிரசவத்துக்குத் தாய் வீடு கூட்டிவர வேண்டும். ஆனியில் அதுதான் கடைசி நல்ல நாள். ஆடி பிறந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். வாடகைக் கார் பேசிக்கொள்ளலாமே என்றேன். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே வேறு எந்தக் காரும் ஆகாதாம். தெரு முனை தாண்டுவதற்குள் குமட்டிக்கொண்டு வந்துவிடுமாம். கண்ணாடியை இறக்கிவிட்ட அப்பா வண்டி ஒன்றில்தான் நிம்மதியாக வருவாளாம். "நீரு என்ன வேணும்னாலும் கேளும். நாள் மட்டும் கேக்காதீரும்" என்றார் ஏட்டையா.

குடை எஞ்சினுக்கு

ஹெட்டில் பத்து போல்ட். ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தேன். எல்லாம் எடுத்த பிறகும் ஹெட் அசையவில்லை. பழைய எஞ்சின்களுக்கு இந்தப் பிடிவாதம் உண்டு. மரச் சுத்தியலால் பக்கவாட்டில் பொறுமையாகத் தட்ட வேண்டும். ஏட்டையா உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் கடப்பாரை. அதைப் பிடுங்கி ஓரமாக வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

ஒருவழியாக ஹெட்டைத் தூக்கி வைத்தேனோ இல்லையோ, மலைப் பக்கமிருந்து சாரல் வந்தது. மேலே தார்ப்பாய் கட்டியிருந்தாலும் காற்று பக்கவாட்டில் அல்லவா அடிக்கிறது! திறந்து கிடக்கும் சிலிண்டருக்குள் நான் துணியைத் திணிக்கத் திணிக்க, ஏட்டையா பெரிய கறுப்புக் குடையை விரித்து எஞ்சினுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். குடை முழுக்க எஞ்சினுக்கு, மழை முழுக்க அவருக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்த எதிர்வீட்டு டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்ன ஏட்டையா, எஞ்சினுக்குக் குடை புடிச்சிட்டு நீங்க நனையுதிய? அக்காவுக்கு ஒருநாளாவது இப்படிப் புடிச்சிருப்பியளா?"

எழுதிக்கோரும்

கழற்றிய ஹெட்டைக் கவிழ்த்து, முகத்தில் நேர்க்கோலை வைத்துப் பார்த்தேன். கோலுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. வளைந்திருக்கிறது. வெறும் சூட்டில் இவ்வளவு வளையாது. கொதித்துக்கொண்டிருக்கும்போது யாராவது பச்சைத்தண்ணீர் ஊற்றினார்களா என்று கேட்டேன். ஏட்டையா ஒரு தடவை வீட்டுக்குள் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, வேறு யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "நான்தாம்வே ஊத்துனேன். எழுதிக்கோரும்" என்றார்.

எட்டாவது வால்வு

எஞ்சினில் எட்டு வால்வு. எது எந்த இடத்திலிருந்து வந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். இத்தனை வருஷம் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை, இடம் மாறினால் சேராது. வரிசை தப்பாமல் வைக்க நாங்கள் முட்டை அட்டையைத்தான் வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை காலை நான் அட்டையை வெளியே எடுத்ததும் பார்வதியக்கா பதறிப்போனார். மகளுக்குப் பிரசவம் ஆகும்வரை வீட்டு எல்லைக்குள் முட்டையின் ஓடுகூட வரக்கூடாது என்று வேண்டுதலாம். அட்டையில் முட்டை இல்லையே என்றேன். வாசனை இருக்கிறதே என்றார். கடைசியில் அவரே பணியாரச் சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். குழிக்கு ஒன்றாக வால்வுகள் அழகாக உட்கார்ந்தன. ஆனால் குழி ஏழுதான்.

ஏட்டையா அதற்குள் ஒவ்வொரு குழாயிலும் ஒயரிலும் வெள்ளை நூலால் சீட்டுக் கட்டி, நம்பர் போட்டு முடித்திருந்தார். உள்ளபடி சொன்னால் எனக்கு அது பெரிய உதவி. பணியாரச் சட்டிக்கும் சீட்டு எழுதிவிட்டு, எட்டாவது வால்வைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மத்தியானம், வால்வுகள் இடுக்கில்லாமல் படியும்படி தேய்க்க எடுத்தால் அந்த வால்வு இல்லை. ஏட்டையாவும் இல்லை. காருக்கடியில், பூச்செடிக்கடியில் என்று ஒரு மணி நேரம் தேடினேன். அவரோ மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்காயோடு நிதானமாக வந்து, சட்டைப் பையிலிருந்து வால்வை எடுத்து நீட்டினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கஸ்டடியில எடுத்த பொருள வெளியில போட்டுட்டா போவாவ?" என்று கேட்டார்.

டீயோடு வந்த வாக்குமூலம்

புதன்கிழமை காலை ஏட்டையா குளிக்கப் போயிருந்தார். பார்வதியக்கா டீ கொண்டுவந்தார். தம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வண்டி ஓடுமா என்று கேட்டார். லேத் பட்டறையில் ஹெட்டின் வளைந்த முகத்தை மட்டமாகச் சீவிக் கொடுத்துவிட்டால் ஓடும் என்றேன். சட்டென்று கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அன்றைக்கு வண்டி நின்றதும் ஏட்டையா ஆள் தேடிப் போயிருக்கிறார். அக்கா தனியே. முன்னால் ஆவி பொங்குகிறது. பின் சீட்டில் மகளைக் குளிப்பாட்டுவதற்கென்று கேன் நிறையப் பிடித்த அருவித் தண்ணீர். ஈரத் துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கேனோடு கவிழ்த்துவிட்டார். எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்று கேட்டதில்லை. "அருவித் தண்ணி மூலிகைத் தண்ணியாச்சேன்னு ஊத்துனேன் தம்பி. உடம்புச் சூட்டத் தணிக்கும்னா வண்டிச் சூட்டத் தணிக்காதா? என்னால பிள்ளை நல்ல நாள்ல வீடு வராமப் போயிருமோன்னு நாலு நாளா சோறு எறங்கல. அவியளுக்குத் தெரியாது, சொல்லிராதிய."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் ஏட்டையா எதற்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

லேத் வாசலில்

குழப்பம் அன்றைக்கே தீர்ந்தது. தென்காசி லேத்தில் ஹெட்டைக் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவராகவே ஆரம்பித்தார். ஆள் தேடிவிட்டு வந்து பார்த்தபோது கேன் காலி. மனைவி மணிக்கட்டில் சூடு பட்ட தடம். கேட்டதற்கு, காலையில் தோசைக்கல் சுட்டது என்றாராம் அக்கா. தோசைக்கல் விரலைச் சுடும், மணிக்கட்டை எப்படிச் சுடும் என்று ஏட்டையா எனக்கு விளக்கினார்.

அப்படியானால் அக்காவிடமே கேட்டிருக்கலாமே என்றேன்.   அதற்கு அவர் சொன்னார்: "முப்பது வருஷமா ஊர்ல உள்ளவன் எல்லாத்தையும் கேட்டாச்சி. வீட்டுலயும் விசாரிக்கணுமாவே?"

இப்ப சுடாது

வியாழக்கிழமை ஹெட்டை ஏற்றினேன். புது கேஸ்கட், நடுவிலிருந்து ஓரமாக மூன்று சுற்றாகப் போல்ட் முறுக்கு, சீட்டு நம்பர்படி குழாய்கள். எல்லாம் முடிந்து, ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றுவதுதான் பாக்கி. நான் கேனைத் திறந்தேன். ஏட்டையா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார். "நீயே ஊத்து பார்வதி. இப்ப ஆறித்தான் இருக்கு, கை சுடாது" என்றார் ஏட்டையா.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கேனை வாங்கி, ஒரு சொட்டு சிந்தாமல், கடைசி வரை ஊற்றினார். ஊற்றி முடித்து மூடியைத் திருகிவிட்டுத்தான் பேசினார்: "அப்ப, நாலு நாளா தோசைக்கல்ல மாத்தணும், தோசைக்கல்ல மாத்தணும்னு நீங்க சொன்னது இதுக்குத்தானா?"

சாவியைத் திருப்பினேன். இரண்டாவது தடவையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, உதறல் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இந்தத் தொழிலில் நான் அதிகம் அனுபவித்ததில்லை.

செங்கோட்டையிலிருந்து

வெள்ளிக்கிழமை வேறொரு வாசலில் வேலையாக இருந்தேன். கவனம் முழுக்கப் போனில். மத்தியானம் ஒன்றரைக்கு ஏட்டையா நம்பரிலிருந்து அழைப்பு. கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தேன். பேசியது சுபா. வீட்டுக்கு வந்துவிட்டாளாம். கை நிறைய வளையல் போலிருக்கிறது, போனில் சத்தம் கேட்டது. வழியில் ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் செய்யலண்ணே. அப்பாதான் சூடு காட்டுற முள்ளையே பாத்துட்டு வந்தாவ. அம்மா அப்பாவையே பாத்துட்டு வந்தா. ரோட்ட நான் ஒருத்திதான் பாத்தேன்."

ஹெட்டைக் கழற்றினால் பத்து போல்ட்டும் எட்டு வால்வும் அந்த வீட்டு ரகசியம் ஒன்றிரண்டும் சேர்ந்தே கைக்கு வரும். அத்தனையையும் எடுத்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டு வருவதற்குத்தான் எனக்குக் கூலி.