ரொட்டி தின்று கொழுத்த கோழிகள்

கோழிக்குத் தீனி போடுவதில் என்ன தப்பு என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். தீனி வேறு, செல்லத் தீனி வேறு. காலையில் நொய்யும் தவிடும், பொழுது சாயும்போது ஒரு கைப்பிடி சோளம். நடுவில் அவை கொல்லையைக் கிளறிப் புழு பூச்சி தின்றுகொள்ளும். முட்டை போடும் கோழிக்கு அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. இதை என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லாத நாளில்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்ட நாளும் இல்லை.

அப்போது நாங்கள் ஈப்போ பக்கம் லகாட்டில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பின்பக்கம் வேலி போட்ட கொல்லை, ஒரு ரம்புத்தான் மரம், மரத்தடியில் பழைய தகரத்தையும் கம்பியையும் வைத்து அவர் கட்டிய கோழிக்கூண்டு. கூண்டைக் கட்டியவர் தானென்பதால் கோழிகளும் தன்னுடையவை என்று அவருக்கு ஒரு நினைப்பு. கோழிகள் என்னுடையவை. சரியாகச் சொன்னால், என் மகளுக்காக நான் வாங்கியவை.

எங்களில் ஒரு பெண்பிள்ளை பெரியவளானால், அவளைத் தனியாக ஓர் அறையில் உட்கார வைத்து, தினமும் வெறும் வயிற்றில் பச்சை முட்டை கொடுப்பார்கள். முட்டையை உடைத்து வாயில் ஊற்றிவிட்டு, அதே ஓட்டில் நல்லெண்ணெயை நிறைத்து அதையும் குடிக்க வைப்பார்கள். இடுப்புக்குப் பலம் என்பார்கள். பண்ணை முட்டை ஆகாது. வீட்டைச் சுற்றி மேயும் கம்பத்துக் கோழி முட்டைதான் வேண்டும், அதுவும் புதிதாக.

நான் பெரியவளானது சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். எங்கள் வீட்டில் கோழி கிடையாது. அம்மா விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிற வழியில், லயத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டி முட்டை கேட்டாள். சிலர் கொடுத்தார்கள். சிலர், “உனக்கு இன்னும் எத்தனை பொட்டப்புள்ள பாக்கி இருக்கு?” என்று சிரித்தார்கள். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. அம்மா முட்டையோடு உள்ளே வந்தபோது எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. எனக்கென்று ஒரு பெண் பிறந்தால், அவள் குடிக்கிற முட்டை எங்கள் வீட்டுக் கோழி போட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். பிடிவாதம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அதனால்தான் மகள் ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்புகளுக்கு வந்தபோது ஈப்போ மார்க்கெட்டில் குஞ்சுகள் வாங்கினேன். நாய்க்கும் நோய்க்கும் போனவை போக ஆறு பெட்டைகள் நின்றன. முதல் முட்டை கிடைத்த அன்று அதை உள்ளங்கையில் வைத்து வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன். என் வீட்டுக்காரர், “பொரிச்சுத் தின்னலாமா?” என்றார். அவர் புத்தி அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் அவர் ஈயலம்பத்தில், ஈயம் தோண்டும் சுரங்கத்தில், வேலையாக இருந்தார். விடிந்தால் போவார், இருட்டினால் வருவார், கோழிகளுக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. எண்பதுகளின் நடுவில் ஈயத்தின் விலை விழுந்து லம்பத்தை மூடினார்கள். கிடைத்த கூலி வேலைக்குப் போய்விட்டு மத்தியானத்திலேயே வீடு திரும்ப ஆரம்பித்தார். நான் பள்ளிக்கூடக் கேண்டீனில் தட்டு கழுவிவிட்டு வருவதற்குள், கொல்லையில் அப்பாவும் மகளும் வைக்கிற விருந்து பாதி நடந்து முடிந்திருக்கும்.

ரொட்டிக்கடையில் விற்காமல் கிடக்கும் ரொட்டியைக் கோழிக்கென்று கேட்டு வாங்கி வருவார். அதைத் தேத்தண்ணியில் ஊற வைப்பார். மகளும் பள்ளி விட்டு வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் அவர் பக்கத்தில் குந்திக்கொள்வாள். இருவரும் பிய்த்துப் பிய்த்துப் போடுவார்கள். ரொட்டி தீர்ந்தால் தேங்காய்ச் சக்கை, அதுவும் தீர்ந்தால் நான் தீபாவளிக்குச் சுட்டு வைத்த முறுக்கு. கோழிகள் அவர் தொடைமேலேயே ஏறி நின்று தின்னும். அவற்றுக்கு நான் போடுகிற நொய் பிடிக்காமல் போயிற்று. கூண்டுக்குள் கிண்ணம் வைத்ததும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் வருகிற வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

“கோழியக் கெடுத்துட்டீங்க,” என்பேன்.

“பாவம் லா. ஆசையா ஓடி வருதுங்க. ஒரு துண்டுதான போட்டேன்.”

“ஆசையா வந்தா வீட்டையே தூக்கிக் குடுத்துடுவீங்களா?”

அதற்கு மகளும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

முட்டை குறைந்துகொண்டே வந்தது. தினமும் கிடைத்தது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. மழைக்காலம் என்றார். பிறகு, கோழி சிறகு உதிர்க்கிறது என்றார். பக்கத்து வீட்டுச் சீனத்து அக்கா நிறையக் கோழி வளர்ப்பவள். வேலியோரம் வந்த ஒரு செவலைக் கோழியைப் பிடித்துத் தூக்கி, அதன் அடிவயிற்றை அமுக்கிப் பார்த்து, “கெமோக் லா!” என்று வாய்விட்டுச் சிரித்தாள். உடம்பெல்லாம் கொழுப்பு, குண்டுக் கோழி முட்டை போடாது, ரொட்டியை நிறுத்து என்று மலாயில் சொன்னாள். அதையும் வந்து சொன்னேன். இரண்டு நாள் நிறுத்தினார். மூன்றாம் நாள் பையிலிருந்து ரொட்டி வாசம் வந்தது. மனுஷனை என்னதான் செய்வது?

இந்த லட்சணத்தில் கோழிகள் இருந்தபோதுதான் மகள் பெரியவளானாள்.

தஞ்சோங் மாலிமிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், மறுநாளே வந்து இறங்கினார். கையில் நல்லெண்ணெய் போத்தல், இடுப்பில் செருகிய முந்தானை. அத்தைமுறை என்பதால் சடங்கு முடியும்வரை வீடு அவர் ஆட்சிதான். பின்னறையைக் கழுவிவிட்டு, தென்னங்கீற்றால் ஒரு மூலையை மறைத்து, மகளை அங்கே உட்கார வைத்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, “தண்ணி ஊத்தி முடியிற வரைக்கும் நீ அவ மூஞ்சியில முழிக்கக்கூடாது. பேச்சும் வேணாம். அப்பனா இருந்தாலும் ஆம்பள ஆம்பளதான்,” என்றார். அவர் தலையாட்டினார். அக்கா பேச்சுக்கு மட்டும் அவரிடம் மறுபேச்சே கிடையாது.

அப்புறம் அண்ணி என் பக்கம் திரும்பினார். “முட்டைக்கு என்ன செய்யப் போற?”

“வீட்டுலயே ஆறு கோழி இருக்கு அண்ணி,” என்றேன். அதைச் சொல்வதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். முட்டை குறைந்துபோன கதையை மட்டும் விட்டுவிட்டேன்.

சேர்த்து வைத்திருந்த முட்டைகள் முதல் சில நாட்களுக்கு வந்தன. மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அதன்பிறகு குலா மெலாக்கா வெல்லம் போட்ட உளுந்தங்களி. அவள் தின்பதைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்தது. ஆனால் அரிசிப் பானையில் புதைத்து வைத்த முட்டைகள் தீர்ந்துகொண்டே வந்தன, கூண்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. வைக்கோலைக் கிளறினேன். விறகுக்குப் பின்னால், வேலி மூலையில், எங்கும் தேடினேன். ஒவ்வொரு கோழியாகப் பிடித்துத் தடவிப் பார்த்தேன். கைக்குக் கொழுப்புதான் தட்டுப்பட்டது. சீனத்து அக்காவிடம் கேட்டிருக்கலாம், ஆனால் அம்மாவைப் போல இன்னொரு வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. கடைசி முட்டையை உடைத்த அன்று அண்ணி, “நாளைக்கு?” என்று கேட்டார். “போடும்,” என்றேன். கேண்டீனில் அன்றைக்கு நான் கழுவிய தட்டுகள் என்ன பாடுபட்டன என்பது எனக்குத்தான் தெரியும்.

சொல்லிக்கொண்டு நேரத்தோடு கிளம்பி வந்துவிட்டேன். அன்றைக்காவது ஒரு கோழி மனமிரங்கியிருக்குமா என்று நேரே கொல்லைக்குப் போனேன். கூண்டு காலி. ஆறு கோழிகளும் பின்னறை ஜன்னலுக்கடியில் மொய்த்துக்கொண்டிருந்தன. தரையெல்லாம் ரொட்டித் துண்டுகள். நடுவில் என் வீட்டுக்காரர், கையில் முழு ரொட்டியோடு, ஜன்னலுக்கு முதுகு காட்டி ரம்புத்தான் மரத்தைப் பார்த்தபடி நின்றார். பிய்த்துப் பிய்த்துத் தோளுக்குமேல் பின்னால் எறிந்துகொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பாய்ந்து போய் ரொட்டியைப் பிடுங்கினேன்.

“எம்புள்ளைக்கு நாளைக்குக் குடுக்க ஒரு முட்டை இல்ல. இதுங்களுக்கு இன்னும் ரொட்டியா? உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?” அண்ணிக்குக் கேட்கக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் காதோரம் தணிந்த குரலில்தான் கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. அப்போது பாதி சாத்தியிருந்த ஜன்னலுக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது.

“ஏன்பா நிறுத்திட்டீங்க? செவலைக்கு இன்னும் கிடைக்கல. கொஞ்சம் கிட்டக்க வீசுங்க, எனக்குத் தெரியல.”

அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார். “அம்மா வந்துட்டாங்கம்மா.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்கா சொன்னபடி மகள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு, இந்த மனுஷன் தினமும் இங்கே நின்றிருக்கிறார். ரொட்டியைப் போட்டுக் கோழிகளை ஜன்னலடிக்கு இழுத்து, அவளுக்குக் காட்டியிருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. முட்டைக்கு நான் என்ன செய்வேன் என்று இரண்டு பேரில் ஒருவராவது நினைத்தார்களா? யோசிக்கவேயில்லை.

சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. “யாரது, ஜன்னலாண்ட பேச்சு? புள்ளகிட்ட யார் பேசுறா?”

அவர் தோள் குறுகிப் போயிற்று. லம்பம் மூடிய அன்றுகூட அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

“நான்தான் அண்ணி,” என்று கத்தினேன். “கோழிக்கு ரொட்டி போட்டுக்கிட்டு இருக்கேன்.”

“இப்ப எதுக்கு ரொட்டி? முட்டை கிடைச்சுச்சா?”

“இல்ல அண்ணி. நாளைக்குக் கடை முட்டை வாங்கிக்கலாம்.”

சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கோழி வளர்த்தேன். அண்ணி எட்டிப் பார்க்கச் சமையலறைக் கதவுக்கு வரும் காலடிச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரரை மரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கையிலிருந்த ரொட்டியை ஆத்திரத்தோடு பிய்த்து, செவலைக்கு எட்டுகிற மாதிரி, ஜன்னலுக்கு நேர் கீழே போட்டேன்.