ஜெக்கரியா பாயின் வானத்து விருந்தாளிகள்

மூன்று பேர் வந்துவிட்டார்கள். நான்காவது ஆளுக்காகத்தான் காத்திருக்கிறார். ஒரத்தநாடு கடைத்தெருவில், தம்முடைய ஃபேன்ஸி ஸ்டோரின் வாசலில், மஞ்சள் நிறக் கருவியொன்றை வானத்தை நோக்கி ஏந்தியபடி அசையாமல் நிற்கிறார் ஜெக்கரியா பாய். உள்ளே வளையல் வாங்க வந்த பெண்கள் அளவு பார்க்க ஆளில்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். டவுன் பஸ் ஓட்டுநர் ஹாரனை அழுத்துகிறார். பாய் நகர்வதாக இல்லை. "மூணு பேர வெச்சு சஹன்ல உக்கார முடியாதுங்க. நாலாவது ஆளு வரட்டும்" என்று, யாரும் கேட்காமலேயே விளக்கம் சொல்கிறார்.

சஹன் என்பது அவருடைய மாமியார் ஊரான அதிராம்பட்டினத்தில், கல்யாண விருந்தில் நால்வர் சுற்றி அமர்ந்து ஒன்றாக உண்ணும் பெரிய தட்டு. பாய் எதிர்பார்க்கும் நால்வரோ மண்ணில் நடப்பவர்கள் அல்லர். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள். நான்கும் அகப்பட்டால்தான் நிற்கும் இடம் இன்னதென்று கருவி உறுதியாகச் சொல்லும். அதை அவர் மிஷின் என்பார். ஊர் அதை பாய் ரிமோட்டு என்கிறது. அவருடைய மனைவி ஹாஃபிஸா அதற்குப் பெயரே வைக்கவில்லை. தேவைப்படும்போது "உங்க கையில இருக்கறத கீழ வெச்சுட்டு சாப்பிட வாங்க" என்பதோடு சரி.

மற்றவர்கள் வளைகுடாவிலிருந்து டேப்ரிக்கார்டரும் கம்பளியும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள். பாய் கொண்டுவந்தது இதைத்தான். மஸ்கட்டில் சுற்றுலா நிறுவனமொன்றுக்குப் பாலைவனத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரப் பயணிகள் பாறை இடுக்கில் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்துக்குரிய எண்களை இணையத்தில் எழுதிவிடுவார்களாம். முன்பின் அறியாத வேறொருவர் எண்களைக் கொண்டு தேடிவந்து, டப்பாவிலுள்ள பொம்மையை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு வேறொரு பொம்மையை வைத்துவிட்டுப் போவாராம். ஊர் திரும்பும்போது பயணி ஒருவர் தம் பழைய கருவியை ஓட்டுநருக்கே கொடுத்துவிட்டார். அன்று பிடித்தது இந்தப் பித்து.

ஒரத்தநாட்டு வட்டாரத்தில் இந்த விளையாட்டுக்கு ஒரு சிறு இடைஞ்சல் இருந்தது: கருவி வைத்திருப்பவர் பாய் ஒருவரே. ஆகவே ஒளிப்பவரும் அவரே, கண்டுபிடிப்பவரும் அவரே. அத்தர்ப் புட்டியைப் புளியமர வேரடியில் புதைத்துவிட்டு, அடுத்த வாரம் எடுத்துக்கொண்டு வந்து கடைத்தெரு முழுக்கக் காட்டுவார். கூடப் படித்தவரான விவசாயி இளையபெருமாள், "கண்ணாமூச்சிய ஒத்தையா ஆடுற ஆளு நீங்க ஒருத்தர்தான் பாய்" என்பார். பாய்க்கு அது பாராட்டாகவே கேட்கும்.

பாலைவனத்தில் கற்ற வித்தையை வயற்காட்டில் நடத்துவது எளிதாக இல்லை. அங்கே கருவித் திரையின் அம்பு காட்டிய திசையில் நேராகப் போனால் போதும். இங்கே அம்புக்கும் டப்பாவுக்கும் நடுவே ஒரு வாய்க்கால், இரண்டு வரப்பு, கட்டிப்போட்ட ஒரு காளை என்று ஏதேனும் குறுக்கிடும். சுற்றி நடப்பதைப் பாய் மானக்குறைவாகக் கருதினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகவே இறங்குவார். முழங்கால்வரை சேற்றோடு வீட்டுக்கு வந்தால், "வழி சரியாத்தான் காமிச்சுது. நடுவுல வாய்க்கா வெட்டி வெச்சிருக்கறது அதுக்கு எப்படித் தெரியும்?" என்று வாய்க்காலின் மேல் பழியைப் போடுவார்.

ஒரு கோடையில் பேரீச்சம்பழ டப்பாவைப் புதைத்தார். தோண்டியபோது டப்பா கிடைத்தது. பழத்தை எறும்பு தின்றுவிட்டிருந்தது. மீன் பொரித்துக்கொண்டிருந்த ஹாஃபிஸா சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பேரீச்சம்பழத்தத் தேட ஒரு மிஷினா? வெல பெத்த பொருள ஒளிச்சுவெச்சு எடுங்க, ஒத்துக்கறேன்" என்றார். பேச்சுவாக்கில் சொன்னது. பாயோ அதைப் பந்தயமாக எடுத்துக்கொண்டார்.

பீரோவில், நிக்காஹ் அன்று தாலிபோல் ஹாஃபிஸாவின் கழுத்தில் கட்டிய கருகமணி இருந்தது. நாள்தோறும் அணிய மெல்லிய சங்கிலி போதுமென்று, தங்கக் குண்டுகளோடு கோத்த அதை விசேஷங்களுக்காக எடுத்துவைத்திருந்தார். பாய் அதைச் சத்தமில்லாமல் எடுத்து, சமையலறையில் கைக்கு அகப்பட்ட எவர்சில்வர் டப்பாவில் போட்டு, இளையபெருமாளின் தரிசாய்க் கிடந்த வயலில், கிழக்கு வரப்பின் ஓரமாகப் புதைத்து, அந்த இடத்தின் எண்களைக் கருவியில் பதிந்துகொண்டார். உடனே எடுத்தால் பெருமையில்லை. சில வாரம் வெயிலில் கிடக்கட்டும் என்று விட்டுவைத்தார். பாலைவனத்தில் ஒரு குன்று வருடக்கணக்கில் அதே குன்றாக இருக்கும். தஞ்சாவூர்ச் சீமையில் தண்ணீர் வந்தால் நிலம் வேறு நிலமாகிவிடும் என்பதை இந்த ஊரில் பிறந்தவர் மறந்ததுதான் வேடிக்கை. அந்த ஆண்டு மேட்டூரை உரிய காலத்தில் திறந்தார்கள். பாய் பார்க்கப் போனபோது வயல் உழுது, பரம்படித்து, நடவும் முடிந்து, பச்சைப் பாயாக விரிந்திருந்தது. வரப்பை வெட்டிச் சேறு பூசியிருந்தார்கள்.

இதற்குள் கருகமணி வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. நடவுக்கு முன் வரப்பு வெட்டியபோது, இளையபெருமாளின் மனைவி நீலாம்பாளின் மண்வெட்டி டப்பாவில் பட்டது. எவர்சில்வர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் எந்த வீட்டார் விடுவார்கள்? மூடியில் புள்ளி புள்ளியாய் ‘ஹாஃபிஸா’ என்றிருந்தது. முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்த நீலாம்பாள், "உங்க பேருதான் போட்டிருக்கு பாயம்மா. எங்க வரப்புல இதுக்கு என்ன வேல?" என்று கேட்டார். திறந்து பார்த்த ஹாஃபிஸாவுக்குக் கதை முழுவதும் விளங்கிவிட்டது. யாரிடமும், முக்கியமாக இளையபெருமாளிடம், சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்.

கணவரைத் தவிக்கவிடுவது மட்டும் அவர் எண்ணமன்று. மஸ்கட்டிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பாய் கேசட்டில் பேசி அனுப்பிய நாள்களில், முதலாளி பாயை வேலையைவிட்டு நிறுத்திய சமயத்திலும், "இங்க எல்லாம் நல்லாருக்கு" என்றே கேசட் வந்தது. உண்மையை அடுத்த தெருக்காரர் வீட்டில் கேட்டுத்தான் ஹாஃபிஸா தெரிந்துகொண்டார். வழி தவறிவிட்டது, கை நழுவிவிட்டது என்று அந்த மனிதர் வாயால் ஒருமுறையேனும், பிறர் சொல்வதற்குமுன், தம்மிடம் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்காகவே காத்திருந்தார். கெடுவும் கையிலேயே இருந்தது: அதிராம்பட்டினத்தில் தங்கை மகள் பர்வினுக்குக் கல்யாணம். அன்று பீரோவைத் திறந்துதானே ஆக வேண்டும்?

பாய் சொல்லவில்லை, தேடினார். நினைவு வரப்பு என்றது. கருவியின் அம்போ வயலுக்குள்ளே காட்டியது. அவர் அம்பை நம்பினார். பயிரை மிதிக்க முடியாமல் காலையிலும் மாலையிலும் வரப்பில் நின்றார். என்னவென்று கேட்ட இளையபெருமாளிடம், பச்சைப் பயிர்மேல் சிக்னல் எப்படி விழுகிறதென்று ஆராய்வதாகச் சொன்னார். களையெடுப்பு தொடங்கியதும், வெள்ளைச் சட்டையோடு பெண்கள் வரிசையில் தாமும் குனிந்தார். ஒரு கை பிடுங்க, மறு கை சேற்றைத் துழாவியது. பக்கத்து வரிசையிலிருந்த அம்சவல்லி நிமிர்ந்து பார்த்து, "பாய், நீங்க புடுங்குறது பயிரு. களைய விட்டுட்டுப் போறீங்க. மிஷினு இதெல்லாம் சொல்லாதா?" என்றாள். வயல் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. நீலாம்பாள் எதையும் விட்டுவிடாமல் அன்று மாலையே ஹாஃபிஸாவிடம் ஒப்பித்தார்.

ஹாஃபிஸா வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார். கல்யாணத்துக்கு எதை அணிவதென்று தற்செயலாகக் கேட்பதுபோல் கேட்டார். இப்போதெல்லாம் முத்துமாலைதான் நாகரிகம் என்றார் பாய். மறுநாளே தஞ்சாவூர் போய்க் கழுத்து நிறைய முத்து வாங்கிவந்தார். பீரோவுக்கு எண்ணெய் போட வேண்டுமென்று ஹாஃபிஸா சொன்னபோது, சாவியைத் தாமே வாங்கி வைத்துக்கொண்டார். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கருகமணி இருந்தது அரிசிப் பானைக்குள்.

கல்யாண நாள் காலை. வாசலில் வேன் நின்றது. ஹாஃபிஸா பட்டுப்புடவை உடுத்தி, முக்காட்டைக் கழுத்து மறையச் சுற்றிக்கொண்டு, பீரோ சாவி எங்கே என்றார். பாய் சாவியைப் பையிலிருந்து எடுத்தார். நீட்டவில்லை. வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஹாஃபிஸா, அந்தக் கருகமணி அதுல இல்ல."

"பின்ன?"

"நான்தான் எடுத்தேன். தொலைச்சுட்டேன். எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல."

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் ஹாஃபிஸா சேர்த்துவைத்திருந்த கேலிகளில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. முக்காட்டைத் தளர்த்திக் கழுத்தைக் காட்டினார்.

பாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பெருமூச்சு ஒன்று, அல்லாஹ்வுக்கு நன்றி ஒன்று. அதன்பின் கேட்டார்: "எங்க இருந்துச்சு?"

"நீலாம்பா வரப்பு வெட்டறப்ப கெடச்சுச்சு. அப்பவே கொண்டாந்து குடுத்துட்டா."

"எந்த வரப்பு?"

"கெழக்கு வரப்பு. அதுக்கென்ன இப்ப?"

பாயின் கை ஜிப்பாப் பைக்குள் போனது. கருவியை எடுத்து அழுத்தினார், பார்த்தார், முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "பாத்தியா? அது காட்டுன எடத்துக்கும் வரப்புக்கும் நாலு எட்டுதான். அந்த ஒசரத்துலேர்ந்து பாக்கறதுக்கு நாலு எட்டு ஒரு வித்தியாசமா? நீங்க எடுத்துட்டுப் போனதுக்கு அது என்ன பண்ணும்?"

இத்தனை வாரம் காத்திருந்து கேட்ட சொல்லின் ஈரம் காயுமுன் மனிதர் ஜெயித்தவராகிவிட்டார். ஹாஃபிஸாவுக்குக் கோபம் வருவதற்குப் பதில் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைச் சம்மதமாகக் கொண்டு பாய் ஒரேயொரு கேள்வி கேட்டார்: டப்பா எங்கே? கிராம்பு போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார் ஹாஃபிஸா. வேன்காரர் ஹாரன் அடித்தார். இதோ வந்துவிடுவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போன பாய், கிராம்பை ஒரு தம்ளரில் கொட்டும் ஓசை வாசல்வரை கேட்டது.

திரும்பிவந்து வேனில் மனைவிக்குப் பக்கத்தில் அமர்ந்தார். ஜிப்பாவின் ஒரு பக்கப் பை சதுரமாகப் புடைத்துக்கொண்டிருந்தது. பட்டுக்கோட்டைச் சாலையில் வேன் திரும்பியதும், கடலோரத்து மணல் இடம் மாறுமா மாறாதா என்று ஓட்டுநரிடம் விசாரிக்கத் தொடங்கினார். ஹாஃபிஸா ஜன்னல் பக்கம் சற்று நகர்ந்து உட்கார்ந்து, கருகமணியை உள்ளங்கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டார்.