இடது பக்கம் உட்கார்ந்தவர்கள்

போன வாரம் கடைக்கு ஒரு வண்டி வந்தது. வந்தது என்பதைவிட ஊர்ந்தது என்று சொல்லலாம், அவ்வளவு தாழ்வு. ஓட்டி வந்தவர் இறங்கினார், செல்போனை எடுத்தார், எதையோ தொட்டார். புஸ்ஸென்று ஒரு சத்தம். படுத்திருந்த எருமை எழுவதுபோல முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம் என்று வண்டி தானாக எழுந்து நின்றது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை. "எப்படி சார் இருக்கு?" என்றார். "எல்லாம் போன்லயே நடக்குது. நான் எதுக்கு?" என்றேன். ஒரு பையில் காற்று இறங்குகிறதாம். குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் தலையை விட்டேன். ஈர ரப்பரும் கிரீஸும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. காற்றுப் பையை மறந்துவிட்டேன். தினகர் நினைவுக்கு வந்துவிட்டான். பின்னாலேயே அவன் பெண்டாட்டி மாலதி, அவளுக்குப் பின்னால் அவன் அம்மா.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் யாரோ பஞ்சர் ஒட்டுகிறவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டோரம் லாரி ஸ்பிரிங் பட்டை அடிக்கிற பட்டறையில் சேர்ந்தேன். இன்றைக்கு முடிச்சூர் ரோட்டில் சொந்த இடத்தில் கடை. பல்லாவரத்திலிருந்து மறைமலைநகர் வரைக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "ஸ்பிரிங் வேலையா, அவர்கிட்ட போங்க" என்பார்கள். நானாகச் சொல்லவில்லை. அவர்கள் சொல்வதைச் சொல்கிறேன்.

தினகர் வீடு பொழிச்சலூரில். விமானம் தலைக்கு மேல் போகும்போது பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற பழக்கம் அந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. இவன் என் கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் நடுநடுவே அப்படி நிறுத்துவான். பழைய ஜப்பான் செடான் ஒன்றை வாங்கி, இன்ஜினைப் பிரித்து மேய்ந்து, அதைச் சீறுகிற வண்டியாக ஆக்கி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ராலிக்குப் போவான். வேகப் போட்டி இல்லை, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நிற்க வேண்டிய போட்டி. ஓட்டுகிறவனுக்கு இடது பக்கம் ஒருவர் உட்கார்ந்து வழி படிக்க வேண்டும். மாலதி அப்படித்தான் அவனுக்கு அறிமுகம். முதலில் வழி படித்தாள், அப்புறம் கல்யாணம் செய்துகொண்டாள். "இன்னிக்கும் அவ சொல்ற பக்கம்தாண்ணா திரும்பறேன்" என்பான் தினகர். "சொல்லி அரை நிமிஷம் கழிச்சு" என்பாள் மாலதி.

அந்த வண்டிக்கு வெளிநாட்டிலிருந்து காயில்ஓவர் வரவழைத்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரண வண்டியில் ஸ்பிரிங்கின் உயரம் கம்பெனிக்காரன் வைத்ததுதான். இதில் ஷாக்கின், அதாவது ஸ்பிரிங்குக்குள் நின்று குலுக்கலை வாங்கிக்கொள்கிற குழாயின், உடம்பு முழுக்க மரை வெட்டியிருக்கும். அதில் ஒரு ரிங். கொக்கிபோல வளைந்த ஸ்பேனரால் ரிங்கைச் சுற்றினால் ஸ்பிரிங் ஏறும், இறங்கும். வண்டியின் நாலு மூலையையும் தனித்தனியே தூக்கலாம், தாழ்த்தலாம். தலையில் ஒரு திருகு இருக்கும். டிக் டிக்கென்று திருப்பினால் குலுக்கல் கடினமாகும், மெத்தென்று ஆகும். கட்டில் காலுக்கு அட்டை மடித்து வைக்கிறோமே, அந்த வேலைதான். அட்டைக்குப் பதில் ஜப்பான் இரும்பு.

துறைமுகத்தில் கிடந்து, யார் யாரையோ பார்த்து, பெட்டி கைக்கு வருவதற்குள் மாலதிக்கு வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. பழைய ஷாக்குகள் எண்ணெய் கக்கிக்கொண்டிருந்தன. மாட்டாமலும் இருக்க முடியாது.

மாட்டுகிற அன்று மூன்று பேருமாக வந்தார்கள். தினகரின் அம்மா ரிட்டயர்டு டீச்சர். கடைக்குள் வந்ததும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, தேதி கிழிக்கவில்லையே என்று கிழித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். விஷயத்தை அவர்தான் சொன்னார்.

"வளைகாப்பு முடிஞ்சு இவ செங்கல்பட்டு போறா, அவங்க அம்மா வீட்டுக்கு. டாக்ஸி சொல்லிடலாம்னு நான் சொல்றேன். இவ கேக்க மாட்டேங்கறா."

"நான் இந்த வண்டியிலதான் போவேன் அத்தை. அது என் சீட்டு" என்றாள் மாலதி. சத்தம் போடவில்லை. ஆனால் அந்த 'என்' கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. குழந்தை பிறந்த பிறகு அவள் பின்சீட்டுக்குப் போய்விடுவாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. முன்சீட்டில் ஒரு கடைசிப் பயணம் வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

"சரி. முதல்ல நான் உக்காந்து பாக்கறேன். என் இடுப்பு ஒத்துக்கிச்சுன்னா நீ போ. இல்லன்னா டாக்ஸி" என்றார் அந்த அம்மா. பரீட்சை வைத்தே பழகியவர்.

நான் சிரித்தேன். என் கை பட்ட வண்டிக்குப் பரீட்சையா. மாட்டினேன். நாலு சக்கரத்திலும் தரையிலிருந்து மேலே வண்டியின் விளிம்பு வரை டேப் வைத்து, நூல் பிசகாமல் ஒரே உயரம் வைத்தேன். திருகை நன்றாக மெத்தென்ற பக்கத்துக்குத் திருப்பினேன். நானே ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய். "போய்ட்டு வாங்கம்மா, தூங்கிடப் போறீங்க" என்று அனுப்பிவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பிவிட்டார்கள். அந்த அம்மா ஒரு கையால் இடுப்பையும் ஒரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"ஏம்ப்பா, இது வண்டியா உரலா? என்னைப் போட்டு இடிச்சிட்டுதே."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா" என்றான் தினகர்.

"உனக்கு என்னிக்குடா என்ன தெரிஞ்சிருக்கு."

நான் டேப்பை எடுத்து மறுபடி அளந்தேன். நாலும் ஒரே உயரம். "அம்மா, அளவு சரியா இருக்கு. உங்களுக்குப் பழக்கம் இல்ல, அதான்" என்றேன். அப்போதுதான் மாலதி சொன்னாள், "பரவாயில்லண்ணா, விடுங்க. டாக்ஸியிலயே போறேன்." வழக்கமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற பெண். அவள் அப்படிச் சட்டென்று விட்டுக்கொடுத்தது எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

தினகரை ஓட்டச் சொல்லி, நான் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். நம்புங்கள், இத்தனை வருடத் தொழிலில் எந்த வண்டியையும் நான் இடது பக்கம் உட்கார்ந்து பார்த்தது கிடையாது. எப்போதும் ஸ்டியரிங் பக்கம்தான். முதல் பள்ளத்திலேயே காலுக்கு அடியில் இடி விழுந்தது. தினகர் விசிலடித்துக்கொண்டு ஓட்டுகிறான், எனக்குப் பல் ஆடுகிறது. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரியிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன், "நம்ம வண்டியில உன் பக்கம் எப்படி?" "என் பக்கம் எப்பவும் தூக்கித்தான் போடும்" என்று ரசத்தை ஊற்றினாள். ஊரில் உள்ள வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் நான். அப்புறம் மோர் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்தால் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மாலதி மாங்காய்க் கீற்றைத் தின்று முடித்து, பாட்டில் தண்ணீரில் கை கழுவினாள். தண்ணீர் வண்டிக்கு அடியில் ஓடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழி பார்த்தே பழகிய கண் அல்லவா.

"அண்ணா, தண்ணி ஏன் அந்தச் சக்கரத்துக்கே போகுது?"

பார்த்தேன். வேறு எங்கும் போகாமல், ஒழுங்காக, முன்பக்கத்து இடது சக்கரத்தடியில் போய்த் தேங்கியது. எனக்கு உச்சந்தலையில் அடித்ததுபோல் இருந்தது. பெரிய வெள்ளம் வந்த வருடம் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். அது வடிந்ததும் தரையை உயர்த்திப் போட்டேன். போடும்போது கொத்தனார் ஏழுமலையைப் பக்கத்தில் நின்று விரட்டினேன், இனி ஒரு சொட்டு நிற்கக் கூடாது, அந்த மூலைக்குச் சரிவாக நல்ல வாட்டம் கொடு என்று. அவனும் கொடுத்தான். அந்த மூலையில்தான் நான் வண்டியின் இடது சக்கரத்தை நிறுத்தி, தரையிலிருந்து அளந்திருக்கிறேன். பள்ளத்திலிருந்து அளந்தால் அங்கே உயரம் கூடத்தானே காட்டும். கூடிப்போச்சு என்று அந்த மூலையை மட்டும் நன்றாக இறக்கிவிட்டேன். ஸ்பிரிங் அமுங்க இடமில்லை. உட்கார்ந்தவர் இடுப்பில் இடித்துவிட்டது.

ஏழுமலைக்குப் போன் போட்டேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பின, கண்ணாடிபோல உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் வைத்திருப்பார்களே, அதைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு வந்தான்.

"இன்னாபா தரை போட்ட நீ, ஒரு பக்கம் சாஞ்சிகினு கீது" என்றேன்.

"யோவ், நீதானய்யா வாட்டம் குடு வாட்டம் குடுன்னு என் உசுர வாங்கின. இப்ப மட்டம் வோணுமா? மொதல்ல இன்னா வோணும்னு வூட்ல கேட்டுகினு வா."

தினகரின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

குழாயின் ஒரு முனையை ஏழுமலை பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, நாலு சக்கரத்தடியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை பாத்ரூமுக்கு ஒட்டி மிஞ்சின டைல்ஸை அடுக்கினோம். அதன்மேல் வண்டியை ஏற்றினோம். ஆளில்லாமல் அளந்தால் மறுபடி தப்பாகும் என்று, தினகரை ஸ்டியரிங்கிலும் மாலதியை அவள் சீட்டிலும் உட்கார வைத்தேன். அவள் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு ராணிபோல் உட்கார்ந்திருந்தாள். நான் தரையில் படுத்து ரிங்கைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வந்து குனிந்தார்.

"வளைகாப்புக்குள்ள இவ எடை இன்னும் ஏறுமேப்பா, அதுக்கு என்ன பண்ணுவே?"

நான் பதில் யோசிப்பதற்குள், தன் கைப்பையையும் டிபன் கேரியரையும் மருமகள் மடியில் வைத்தார். "இதையும் சேத்துப் போட்டு அள."

"அத்தை, நான் அவ்ளோ குண்டாவேனா?"

"ஆகணும்டி" என்றார் அந்த அம்மா.

வேலை முடிந்தது. அந்த அம்மா மறுபடி ஏறினார். வண்டி பெருங்களத்தூர்ப் பக்கம் போனது. ரொம்ப நேரமாகியும் வரவில்லை. மாலதி உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசலுக்குப் போய் வந்தாள். ஏழுமலைகூடப் போகாமல் குழாயைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றான். நானா? நான் சும்மா ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே துடைத்தவற்றையே.

வண்டி வந்தது. எதிரே வேகத்தடையில் ஏறி, சத்தமில்லாமல் இறங்கி, வாசலில் நின்றது. அந்த அம்மா இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"இன்னொரு சுத்து போய்ட்டு வரோம்."

மாலதி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

வளைகாப்பு முடிந்து செங்கல்பட்டு போகிற வழியில் வண்டியை என் கடை வாசலில் நிறுத்தினார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், முன்சீட்டில் மாலதி. "அண்ணா, தூங்கிட்டே போகப் போறேன்" என்றாள். தூங்கவே இல்லை, வழியெல்லாம் அவனுக்குத் திருப்பம் சொல்லிக்கொண்டே வந்தாள் என்று பிற்பாடு தினகர் சொன்னான். அவள் அங்கே இருந்த மாதங்களில் ஞாயிறு தோறும் அம்மாவும் பிள்ளையும் பார்க்கப் போவார்கள். இடது சீட்டு அந்த அம்மாவுடையதாகிவிட்டது. ஒருநாள் கடைக்கு வந்து, பிள்ளை அந்தப் பக்கம் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார், "அவன் ரொம்ப நிதானமா ஓட்டறான்ப்பா. இன்னும் கொஞ்சம் வேகமா போனாலும் இந்த வண்டி தாங்கும் இல்ல?" தாங்கும்மா என்றேன்.

பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் அந்த அம்மா போய்விட்டார். அதற்கடுத்த வருடமே தினகரும் மாலதியும் குழந்தையோடு வெளிநாடு கிளம்பினார்கள். வண்டியை வேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வாங்கினார். தனி ஆள், ரேஸ் டிராக்கில் ஓட்டத்தான் வாங்கினாராம். நேராக என்னிடம்தான் கொண்டுவந்தார்.

"சார், நான் மட்டும் உக்காந்தா லெஃப்ட் சைடு தூக்கிட்டு நிக்குது. லெவல் பண்ணிடுங்க."

உண்மைதான். மாலதியையும் டிபன் கேரியரையும் வைத்து அளந்த பக்கம், யாரும் இல்லாமல் கொஞ்சம் எழுந்து நின்றது. காரணம் கேட்டார், அது ஒண்ணுமில்ல சார் என்றேன். அவரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, இடது பக்கத்து ரிங்கைப் பிடித்துச் சுற்றினேன். தூசி ஏறி இறுகிப்போயிருந்தது, வரமாட்டேன் என்றது, அப்புறம் வந்தது. வண்டி மட்டமாக நின்றது. அவர் கை கொடுத்துவிட்டுப் போனார். அந்த வண்டியை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் இறக்கியது ஒரு விரல் உயரம்கூட இருக்காது. அந்த உயரத்தில்தான் மருமகளும் மாமியாருமாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.