சாவு மணி அடித்த ஞாயிற்றுக்கிழமை

அந்தக் காலையை நினைத்தால், அத்தையின் கால்கள் தரையை விட்டு எழும்பியதுதான் முதலில் கண்முன் வருகிறது. அறுந்து குட்டையாகிப் போயிருந்த மணிக்கயிற்றை எட்டிப் பிடிக்க அவர் குதித்தார். பிடித்தார், இழுத்தார், மணி ஒரு முறை ஒலித்தது, கயிறு கையை விட்டு மேலே போய்விட்டது. இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். மறுபடியும் குதித்தார். நான் உதவிக்குப் போனேன். "நீ அங்கிட்டுப் போ. நான்தானே அடிக்கிறேன்னு ஒத்துக்கிட்டேன்" என்று விரட்டிவிட்டார்.

விராலிமலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சிறிய ஊர் எங்களுடையது. கோயில் அதைவிடச் சிறியது. கிறிஸ்தவர்களான நாங்களும் அதைக் கோயில் என்றுதான் சொல்வோம், போதகரை ஐயர் என்போம். நான் திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறேன். ஒரு பாகம் பழுதானால் காரணங்களை வரிசைப்படுத்துவது என் வேலை. அதே பழக்கத்தில் எங்கள் சபை தேய்ந்து போனதற்கும் மனதுக்குள் ஒரு வரிசை வைத்திருந்தேன். ஒன்று, கண்மாய் நிறையாத வருடங்களில் இளவட்டங்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். இரண்டு, மிச்சம் இருந்தவர்களில் பலரை டவுன் ஜெபக்கூட்டத்தின் வேன் ஞாயிறுதோறும் ஏற்றிக்கொண்டு போனது. மூன்று, சபைத் தேர்தல்.

அந்தத் தேர்தலில் என் பெரியப்பாவும் வாத்தியாரும் செயலாளர் பதவிக்கு நின்றார்கள். இருவரும் ஒன்றாக ஆடு மேய்த்து, ஒன்றாகத் திடப்படுத்தல் எடுத்துச் சபையின் முழு உறுப்பினர் ஆனவர்கள். பெரியப்பா ஜெயித்தார். கள்ள ஓட்டு என்றார் வாத்தியார். அதோடு அவரும் அவருடைய சொந்தக்காரர்களும் கோயில் படி ஏறவில்லை. ஜெயித்த பெரியப்பாவும், காலியான பெஞ்சுகளைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, நாளடைவில் நின்றுவிட்டார். கடைசியில் ஆராதனைக்கு வந்தவர்களை ஒரே பாயில் உட்கார வைத்துவிடலாம் என்றாகிவிட்டது. மணி அடித்துக்கொண்டிருந்த தாத்தாவும் மகனோடு கரூருக்குப் போய்விட்டார்.

அத்தை மட்டும் விடவில்லை. விடியற்காலையில் பால் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு, காலிக் கேனோடு நேரே கோயிலுக்குப் போய் முழங்காலில் நிற்பார். "ஆண்டவரே, எங்க சபைக்கு எழுப்புதல் தாரும்" என்று சத்தமாகவே ஜெபிப்பார். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும். சோர்ந்த சபை மறுபடி உயிர்பெற்று எழுவதைத்தான் எழுப்புதல் என்போம். சொசைட்டியில் பால் அளக்கிறவர் சும்மா இருப்பாரா? "என்னக்கா, இன்னிக்காச்சும் யாரையாவது எழுப்புனீங்களா?" என்பார். "கூப்பிடுறது நான். எழுப்புறது அவரு. நீ பாலை ஒழுங்கா அளப்பா" என்பார் அத்தை.

நான் சொல்லும் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கடைசி ஆராதனையாக இருந்திருக்க வேண்டியது. கோயிலைப் பூட்டிச் சாவியை டவுனில் இருக்கும் எங்கள் தாய்ச் சபையில் ஒப்படைப்பது என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். அன்றைக்கு ஐயர் வந்து அதை அறிவிப்பதாக ஏற்பாடு. செய்தி எங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. கடைசி மணியையாவது ஆள் இல்லாமல் விடக் கூடாது என்றுதான் அத்தை கயிற்றைப் பிடிக்கப் போனார்.

எங்கள் ஊரில் மணிக்கு இரண்டு மொழி உண்டு. இடைவிடாமல் அடித்தால் ஆராதனை. ஒவ்வொன்றாக விட்டு விட்டு அடித்தால் சாவு. அத்தை குதிக்கும் நேரம், மூச்சு வாங்கும் நேரம் என்று ஒவ்வொரு அடிக்கும் நடுவே இடைவெளி விழுந்துகொண்டிருந்தது. ஊர் அதை எப்படிக் கேட்கும் என்பது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளின் விசேஷத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். சாவுக்குப் போகாமல் இருக்க எங்கள் ஊரில் யாருக்கும் துணிவு கிடையாது.

முதலில் வந்தது வேனுக்காகக் காத்திருந்தவர்கள். பின்னால் வேலி தாண்டி அடுத்த தெரு இந்துக் குடும்பங்கள், தலையில் துண்டோடு. பால் அளக்கிறவரும் ஓடிவந்தார். "தவறுனது யாரு அக்கா?" என்று கேட்டார். அத்தை கயிற்றை விட்டார். கூட்டத்தைப் பார்த்ததும்தான் அவருக்கு விஷயம் புரிந்தது.

"யாரும் தவறலப்பா. கோயிலுக்குத்தான் இன்னிக்கு நாள் குறிச்சிருக்கு" என்றார். "வந்தது வந்துட்டீங்க, உள்ள வாங்க."

அப்போது ஒரு பக்கமிருந்து வாத்தியார் கையில் சம்பங்கி மாலையோடு வந்தார். எதிர்ப்பக்கமிருந்து பெரியப்பா சட்டையில்லாமல் வந்தார். பெரியப்பாவுக்கு அந்த மாதம்தான் இருதயத்தில் வைத்தியம் நடந்திருந்தது. வாத்தியாரோ காலில் சர்க்கரைப் புண்ணோடு படுத்திருந்தவர். வேப்பமரத்தடியில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"என்னய்யா, நீ இருக்கியா?" என்றார் வாத்தியார்.

"ஏன், இருக்கக் கூடாதா?"

"ஒனக்குன்னு நெனச்சுத்தான்யா மாலையே வாங்கியாந்தேன்."

"ஒனக்குன்னு நெனச்சுத்தான்யா நான் சட்டைகூடப் போடாம ஓடியாந்தேன்."

யாரோ சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. பெரியப்பா போய், மாலை பிடித்திருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை வருடங்களும் அந்த ஒரு பிடியில் தீர்ந்தன.

"சரி, இந்த மாலைய என்ன செய்யுறது?" என்றார் வாத்தியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"உள்ள கொண்டுபோய்ச் சிலுவையில போடுங்க" என்றார் அத்தை. "நம்மள்ல செத்து எந்திரிச்சவரு அவரு ஒருத்தருதான்."

ஸ்கூட்டரில் வந்து இறங்கிய ஐயர் கூட்டத்தைப் பார்த்து வெளிறிப்போனார். "அடக்க ஆராதனைன்னு யாரும் சொல்லலையே" என்றார். விஷயத்தைச் சொன்னோம். அன்று பெஞ்சுகள் போதவில்லை. பாடத் தெரியாதவர்களும் நின்றார்கள். ஆராதனை முடியும் நேரத்தில் ஐயர் அறிவிப்புக்கு எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு வருத்தமான செய்தி..." என்று தொடங்கினார். பெரியப்பாவின் பக்கத்தில் இருந்த வாத்தியார் எழுந்தார்.

"அதத் திருப்பிக் கொண்டுபோயிருங்க ஐயா. அடுத்த வாரமும் வருவோம்."

ஐயர் எங்கள் எல்லோரையும் மெதுவாகப் பார்த்தார். பிறகு ஆசீர்வாதம் கூறிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அறிவிப்பை எங்கள் கோயிலில் யாரும் இதுவரை வாசிக்கவில்லை.

அடுத்த வாரம் எல்லோரும் வந்துவிடவில்லை. வேன் இன்றும் வருகிறது, அதில் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். கண்மாய் இன்னும் ஒழுங்காக நிறையவில்லை. என் வரிசையின் முதல் இரண்டு காரணங்கள் அப்படியே இருக்கின்றன. பழுது நீங்கினால்தான் இயந்திரம் ஓடும் என்று படித்தவள் நான். ஆனால் எழுப்புதலோ தடைகள் எல்லாம் விலகட்டும் என்று வாசலில் காத்து நிற்பதில்லை. அவை இருக்கும்போதே உள்ளே வந்துவிடுகிறது. பெரியப்பாவும் வாத்தியாரும் முறை வைத்து வீட்டு ஜெபம் நடத்தினார்கள். பிணங்கிய வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. திருப்பூரிலிருந்து இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளோடு ஊர் திரும்பின. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஓய்வுநாள் பள்ளி மறுபடி தொடங்கியது, அதில் நானும் பாடம் நடத்துகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பசு கன்று ஈன்றதால் அத்தை தாமதமாக வந்தார். வாசல்வரை ஆட்கள். எட்டிப் பார்த்தார், உள்ளே நுழைய முடியவில்லை. அவர் வழக்கமாக முழங்காலில் நிற்கும் இடத்தில் யாரோ ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து என் இடத்தைக் காட்டினேன். வேண்டாம் என்று கையசைத்தார்.

"எழுப்புதல் வேணும்னு கேட்டேன். எடமும் வேணும்னு கேக்காம விட்டுட்டேன் பாரு" என்று வாசலில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு, மரத்தடியில் முந்தானையை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்தார். உள்ளே ஐயர் பாட்டின் எண்ணைச் சொல்லி வாய் மூடுவதற்குள், வெளியே அத்தை பாடத் தொடங்கியிருந்தார்.