பக்கத்து வீட்டுத் துணிக்கம்பு

நாளை எனக்குச் சிலம்பத் தேர்வு. இன்று மாலை சிங்கப்பூர் பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தனியாகப் பயிற்சி செய்தேன். எதிரி, ஒரு தூண்.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி வந்தார். "ஏம்மா, நான் துணி காயப்போடுற கம்பை எதுக்கு எடுத்தே?"

"இது என் சிலம்பக் கம்பு ஆண்ட்டி!"

"வாசல்ல வெச்ச என் கம்பைக் காணோம் லா. உன்னோடதுன்னா சுத்திக் காட்டு."

மானப் பிரச்சினை. சுற்றினேன். ஒரு மாதமாக மூன்றாவது சுற்றிலேயே கம்பைக் கீழே போடும் நான், இன்று ஒரு முறைகூடப் போடவில்லை.

ஆண்ட்டி கைதட்டினார். "சாரிம்மா, உன்னோடதுதான்."

பெருமையோடு வீடு திரும்பினேன். செருப்பு அலமாரிக்குப் பின்னால் என் கம்பு சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. அவசரத்தில் மாற்றி எடுத்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லத்தான் போகிறேன். இன்றேவா, இந்த ராசியான கம்போடு தேர்வை முடித்த பிறகா?

நாளை மழை பெய்தால் ஆண்ட்டிக்குக் கம்பு தேவைப்படாது, இல்லையா?